எந்த பஸ்ல வந்தீங்க?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 24 வயது. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு சின்ன ஊர். அப்பா காப்பி எஸ்டேட்டில் வேலை செய்கிறார். சேலத்தில் விடுதியில் தங்கி பி.காம். முடித்தேன். இப்போது மலையிலேயே ஒரு ரிசார்ட்டில் பில்லிங் பார்க்கிறேன். கல்லூரி முடித்த கையோடு இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக இருந்தேன். அந்தப் பழக்கத்தில் இன்றும் சாயங்காலம் ஏழெட்டுக் குழந்தைகள் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். குழந்தை உளவியல் படிக்க ஆசை. பி.காம். படித்தவள் படிக்க முடியுமா? ஆறு மாத ஆன்லைன் டிப்ளமோ, 18,000 ரூபாய், முடித்ததும் 'சைல்ட் சைக்காலஜிஸ்ட்' சான்றிதழ் என்று ஃபோனில் விளம்பரம் வருகிறது. சேரலாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திண்ணைக்கு நாலரை வயதுப் பையன் ஒருவன் தன் அக்காவோடு வருவான். யாரோடும் பேசமாட்டான். காப்பிக் கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருப்பான். கூப்பிட்டால் திரும்பமாட்டான். யூடியூபில் இதைப் பற்றி நிறையப் பார்த்திருக்கிறேன். "அக்கா, ஆட்டிசம் மாதிரி இருக்கு, சேலம் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க" என்று அவன் அம்மாவிடம் சொன்னேன். மறுநாளில் இருந்து இரண்டு பிள்ளைகளையும் அனுப்பவில்லை. வழியில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நல்லதுக்குத்தானே சொன்னேன்?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஏற்காடு)

பதில்: வணக்கம். முதலில் ஒரு சின்னத் திருத்தம். நான் டாக்டர் இல்லை. எம்.பி.பி.எஸ். படித்து, அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்து, மருந்துச் சீட்டு எழுதுகிறவர் மனநல மருத்துவர். நான் மருத்துவ உளவியலாளர். பிள்ளையைக் கவனிப்பது, சோதிப்பது, பெற்றவர்களிடம் பேசுவது, வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியைச் சொல்லித்தருவது என் வேலை. பதினெட்டு வருஷமாகச் சேலத்தில் இதைச் செய்கிறேன். இன்னமும் என் அறையில் இருந்து எழுந்து போகும்போது "மாத்திரை எதுவும் எழுதலீங்களா?" என்று கேட்காதவர்கள் குறைவு.

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கடைசியாகக் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். படிப்பைப் பற்றிய கேள்விகளுக்கும் பாதிப் பதில் அதற்குள் இருக்கிறது.

நீங்கள் அந்த அம்மாவிடம் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். நாலரை வயது, பேச்சு இல்லை, பொருளை வரிசையாக அடுக்குகிறான், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. யாராவது இதை என்னிடம் வந்து சொன்னால் எனக்கும் அந்த எண்ணம் வரத்தான் செய்யும். ஆனால் நான் அந்தப் பிள்ளையை முதலில் அனுப்புவது காது மருத்துவரிடம். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு முதலில் பார்க்க வேண்டியது காது. மலைக் குளிரில் அடிக்கடி சளி பிடிக்கும், காதில் சீழ் வடியும், வீட்டில் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றிச் சமாளிப்பார்கள். (தயவுசெய்து ஊற்றாதீர்கள் என்று உங்கள் ஊரில் சொல்லுங்கள்.) காது மந்தமான பிள்ளை கூட்டத்தில் ஒதுங்கி உட்காரும். பிறவியிலேயே கேட்காத பிள்ளைக்குப் பேச்சு தானாக வராது. பேச்சு வராத பிள்ளை கைக்குக் கிடைத்ததை வைத்துத் தனியாக விளையாடும். உங்கள் ஊரில் கைக்குக் கிடைப்பது காப்பிக் கொட்டை.

'பேரா' என்று ஒரு பரிசோதனை உண்டு. பிள்ளையைத் தூங்க வைத்து, தலையில் ஒட்டுகளை ஒட்டி, காதில் சத்தம் கொடுத்தால் கேட்கும் நரம்பும் மூளையும் அதற்குப் பதில் தருகின்றனவா என்று கருவி பார்த்துச் சொல்லிவிடும். பிள்ளை கை தூக்கவும் வேண்டாம், வாய் திறக்கவும் வேண்டாம். அது முடிந்த பிறகுதான் மற்றப் பேச்சு.

சரி, காது நன்றாக இருக்கிறது என்று வந்தால்? அப்போதும் ஆட்டிசம் என்று ஒரு சாயங்காலத்தில் முடிவுகட்ட முடியாது. இந்தியாவில் மாற்றுத்திறன் சான்றிதழுக்காகப் பயன்படுத்தும் அளவுகோலில் 40 அம்சங்கள் இருக்கின்றன. பிள்ளையைப் பார்த்தும், பெற்றவரைக் கேட்டும் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட வேண்டும். வரிசையாக அடுக்குவது அந்த நாற்பதில் ஒரு மூலையில் வரும், அவ்வளவுதான். என்னிடம் வரும் பெற்றோர் பலர் இப்போதெல்லாம் வீடியோ பார்த்து நோயின் பேரையும் முடிவு செய்துகொண்டே வருகிறார்கள். துறுதுறுவென்று இருந்தால் ஏ.டி.எச்.டி. என்ற கவனக் குறைபாடு, அடுக்கினால் ஆட்டிசம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஓர் எழுத்தைத் திருப்பிப் போட்டால் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு. எழுதப் பழகும் வயதில் எழுத்தைத் திருப்பிப் போடாத பிள்ளை உண்டா?

இப்போது அந்த அம்மாவின் பக்கம் வருவோம். தன் பிள்ளை பேசவில்லை என்பது அவருக்கு நீங்கள் சொல்லித் தெரியவில்லை. குறைந்தது இரண்டு வருஷமாக அவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சேர்வராயன் கோயிலில் வேண்டிக்கொண்டிருக்கலாம். "அவங்க அப்பனும் அஞ்சு வயசுலதான் வாய் திறந்தான்" என்று வீட்டில் யாரோ சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாளை ஓட்டியிருக்கலாம். மாமியாரோ நாத்தனாரோ பழியைத் தூக்கி அவர் தலையிலேயே போட்டுமிருக்கலாம். அந்த நிலையில் இருக்கிறவரிடம் பக்கத்து வீட்டுப் படித்த பெண் வந்து, அர்த்தம் முழுசாகப் புரியாத ஓர் இங்கிலீஷ் பேரைச் சொல்கிறாள். அப்போது பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மற்ற அம்மாக்கள் நின்றிருந்தால், அவர் முகத்தைத் திருப்பியதற்கு எனக்கு வேறு காரணம் தேவையில்லை.

பேரைச் சொல்லாமல், கண்ணால் கண்டதைச் சொல்லியிருக்கலாம். "அக்கா, நேத்து தம்பி பின்னாடி நின்னு மூணு தடவ கூப்பிட்டேன், திரும்பல. வீட்டுல எப்படிங்க?" அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த "வீட்டுல எப்படிங்க" என்ற கேள்விக்குப் பிறகு வரும் மௌனத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் கஷ்டம். நாமே ஏதாவது பேசி அதை நிரப்பிவிடத் தோன்றும். நிரப்பாமல் இருந்தால், "வீட்டுலயும் அப்படித்தான் கண்ணு, எனக்கே பயமா இருக்கு" என்று அவரே சொல்லியிருப்பார். அதற்கு அடுத்த வார்த்தைதான் "காதை ஒருக்கா காட்டிருவோமா". காதைக் காட்டலாமா என்றால் எந்த அம்மாவுக்கும் கோபம் வராது.

இதைப் பெரிய தப்பாக நினைத்து மனசு உடைந்துபோக வேண்டாம். இதைவிடப் பெரிய தப்பை நான் சம்பளம் வாங்கிக்கொண்டே செய்திருக்கிறேன்.

வேலைக்கு வந்த புதிது. ஏழு வயதுப் பையனை அவன் அப்பாயி கூட்டிவந்தார். உங்கள் மலைதான். படிப்பு ஏறவில்லை, புத்தி எப்படி என்று பார்த்துச் சொல்லவும் என்று பள்ளியில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்திருந்தார்கள். காலை ஒன்பதரைக்கு முதல் ஆளாக வந்துவிட்டார்கள். நானும் உற்சாகமாக சாமான்களை எடுத்து வைத்தேன். மரப்பலகை ஒன்று இருக்கிறது, வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று பத்து வடிவக் குழிகளும், அவற்றில் பொருந்தும் பத்து மரத்துண்டுகளும் கொண்டது. துண்டுகளை அடுக்கிக் கொடுத்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் சீக்கிரமாக வைக்கச் சொல்லி நேரத்தைக் குறிப்போம். மூன்று தடவை. அந்தப் பையன் நட்சத்திரத்தைக் கையில் எடுத்தான். எடுத்தவன் அதைப் பிடித்தபடியே பலகையின் விளிம்பில் நெற்றியைச் சாய்த்துவிட்டான். "வை கண்ணு, சீக்கிரம்" என்றேன். வைத்தான். அடுத்த துண்டுக்கு மறுபடியும் அவ்வளவு நேரம். அதற்குப் பிறகு கொடுத்த சோதனைகளிலும் அப்படியே. நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்: கவனம் குறைவு, வேகம் குறைவு, ஒத்துழைப்பு குறைவு. எத்தனை குறைவுகள்!

எல்லாம் முடிந்து அறிக்கையில் கையெழுத்துப் போடும் நேரத்தில் அப்பாயி கேட்டார். "கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா? புள்ள வளைவுல மூணு தடவ வாந்தி எடுத்துட்டான். காத்தால இருந்து ஒண்ணும் இறங்கல."

இருபது கொண்டை ஊசி வளைவு. மலை பஸ்ஸே பழகாத பிள்ளை, வெறும் வயிறு. நான் கேட்கவே இல்லை. அந்த அம்மாள் சொல்லாமல் போயிருந்தால் அந்தத் தாள் அவன் பின்னாலேயே பள்ளிக்குப் போயிருக்கும், வகுப்பு வகுப்பாக ஏறியிருக்கும். ஒரே சோதனையை உடனே மறுபடி வைக்கவும் கூடாது, முதல் தடவை பழகியது கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் சில மாதம் விட்டுத் திரும்ப வரச் சொன்னேன். முதல் நாள் சாயங்காலமே இறங்கி, அஸ்தம்பட்டியில் இருந்த உறவுக்காரர் வீட்டில் தங்கி வந்தார்கள். பையன் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, அந்தப் பத்துத் துண்டுகளையும் படபடவென்று வைத்தான். அவன் புத்தியில் ஒரு குறையும் இல்லை. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் அப்பா அம்மா போகும் எஸ்டேட்டுக்கெல்லாம் அவனும் போயிருக்கிறான். நவம்பரில் போனால் பிப்ரவரியில்தான் பள்ளி. ஒன்றாம் வகுப்பிலும் அப்படி, இரண்டாம் வகுப்பிலும் அப்படி. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித்தந்த நாட்களில் அவன் பள்ளியிலேயே இல்லை.

அன்றில் இருந்து என் அறைக்குள் மலையில் இருந்து யார் வந்தாலும் முதல் கேள்வி "எந்த பஸ்ல வந்தீங்க?" இரண்டாவது, "பாப்பா என்ன சாப்பிட்டுச்சு?" என்னிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் முதலில் சிரிப்பார்கள்.

உங்களுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன், காசு கட்ட வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். திண்ணைக்கு வரும் பிள்ளைகளில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு பிள்ளையைக் கால் மணி நேரம் பாருங்கள். பாடம் சொல்லித்தர வேண்டாம், திருத்த வேண்டாம். அப்புறம் மூன்றே விஷயம் எழுதுங்கள்: அதற்கு முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதற்குப் பின்னால் மற்றவர்கள் என்ன செய்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. அடம், பிடிவாதம், சோம்பேறி, சமத்து, மந்தம் போன்ற வார்த்தைகள் நோட்டில் வரக் கூடாது. "பிடிவாதமாக அழுதாள்" என்று எழுதினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். "5.40. அண்ணன் பென்சிலைப் பிடுங்கினான். கீழே படுத்து அழுதாள். அவள் பாட்டி ஓடிவந்து ஃபோனைக் கொடுத்தாள். உடனே அழுகை நின்றது" என்று எழுதினால் அதில் எல்லாம் இருக்கிறது. நாளைக்கும் அவள் ஏன் படுத்து அழுவாள் என்பது உட்பட.

இரண்டு மாதம் இதைச் சலிக்காமல் செய்ய முடிந்தால் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவரும். குழந்தைகள் என்றால் ரொம்பப் பிடிக்கும் என்று சொல்லி என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்கள் நிறைய. குழந்தை யாருக்குத்தான் பிடிக்காது? அவசரப்படாமல் பார்க்கத் தெரிய வேண்டும். இன்னொன்றும் வேண்டும், பெரியவர்களையும் பிடிக்க வேண்டும். முக்கால் மணி நேரப் பயிற்சியை நான் வாரத்துக்கு ஒரு நாள் கொடுப்பேன், மீதி நேரமெல்லாம் பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது. அதனால் உண்மையில் நான் வேலை செய்வது அம்மாவோடு, அப்பாவோடு, அப்பாயியோடு. ஒவ்வொரு கவளத்துக்கும் ஃபோனைக் காட்டினால்தான் சாப்பிடுகிறான் என்பார்கள். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டில் இருந்து ஐந்து வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் சொல்லியிருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும். ஆனால் அந்த வீட்டில் ஃபோன் இல்லாமல் ஒரு வேளைச் சோறு ஊட்ட வைக்க இரண்டு மாதம் ஆகும். அந்த இரண்டு மாதத்துக்குத்தான் சம்பளம்.

வளர்ச்சியில் சில குறிகளை மட்டும் இப்போதே மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வயதில் பேர் சொன்னால் திரும்ப வேண்டும். ஒன்றரை வயதில் "அதோ" என்று விரல் நீட்டிக் காட்ட வேண்டும், தனக்கு வேண்டும் என்பதற்காக மட்டும் இல்லாமல், "நீயும் பாரு" என்பதற்காகவும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல் சேர வேண்டும். வந்த பேச்சு எந்த வயதிலாவது போய்விட்டால் காத்திருக்கவே கூடாது. இவற்றில் ஏதாவது தவறினால் குறை இருக்கிறது என்று அர்த்தமில்லை, பார்க்க வேண்டும் என்று அர்த்தம். மூளை வேகமாக வளரும் முதல் சில வருஷங்களில் கொடுக்கும் பயிற்சி ஒட்டுவதுபோல் பிறகு ஒட்டுவதில்லை. "அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்ற பேச்சு ஏன் எனக்குப் பயமாக இருக்கிறது என்றால் இதனால்தான். அப்பன் தப்பித்துக்கொண்டதால் மகனும் தப்பிப்பான் என்று எந்த விதியும் இல்லை.

இன்னொரு விஷயம், நீங்கள் கேட்கவில்லை. திண்ணைப் பிள்ளைகள் உங்களை நம்பி எதையும் சொல்வார்கள். ஒருநாள் ஒரு பிள்ளை, யாரோ தன்னிடம் தப்பாக நடந்துகொண்டதைச் சொல்லலாம். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள். 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். எப்படிச் சொல்வது என்று புரியாவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். கேள்வி மேல் கேள்வி கேட்டுப் பிள்ளையை நீங்களே விசாரிக்க வேண்டாம்.

சரி, படிப்புக்கு வருவோம்.

அந்த 18,000 ரூபாயை ரிசார்ட்டில் எத்தனை மாதம் நின்று சேர்த்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. அதைக் கட்டாதீர்கள். பிள்ளை வளர்ப்பைப் பற்றி நாலு விஷயம் தெரிந்துகொள்ள என்றால் நூலகமே போதும். வேலைக்கு என்றால் அந்தச் சான்றிதழ் செல்லாது. நம் நாட்டில் மருத்துவ உளவியலாளர், சிறப்புக் கல்வி ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லோரும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் தொழில் செய்தால் 1992-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஒரு வருஷம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. அபராதத் தொகையைப் பார்த்துச் சிரிப்பு வரும், சிறை என்ற வார்த்தைக்குச் சிரிப்பு வராது. 'குழந்தை உளவியலாளர்' என்று தனியாக ஒரு பதிவும் கிடையாது. மருத்துவ உளவியல் படித்து, பயிற்சியைக் குழந்தைகளோடு எடுத்துக்கொண்டவர்கள் நடைமுறையில் அப்படி அழைக்கப்படுகிறோம்.

ஆன்லைன் படிப்பு பற்றி இன்னொரு செய்தி. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையில் இருந்து உளவியலைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பட்டப் படிப்பாக நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. அதனால் "வேலையை விடாமலேயே எம்.எஸ்சி. சைக்காலஜி" என்று யாராவது புதிதாகக் கூப்பிட்டால் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதேபோல், எம்.ஃபில். படித்தால்தான் மருத்துவ உளவியலாளர் என்று சொல்லும் பழைய வீடியோக்களின் தேதியைப் பாருங்கள். நான் வந்த வழி அதுதான். ஆனால் எம்.ஃபில். என்ற பட்டத்தையே யு.ஜி.சி. 2022-ல் எடுத்துவிட்டது. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்பு கொடுத்தார்கள். அதன் இடத்துக்கு மருத்துவ உளவியலில் எம்.ஏ., சை.டி. (உளவியல் முனைவர் பட்டம்) போன்ற படிப்புகள் வருகின்றன. எந்தக் கல்லூரிக்கு எந்தப் படிப்புக்கு அனுமதி என்ற பட்டியல் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் இருக்கிறது. கல்லூரிக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, பட்டியலையும் பாருங்கள்.

பி.காம். ஒரு தடையா? உளவியல் முதுகலையில் எந்தப் பட்டம் படித்தவரையும் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் உண்டு, இளங்கலையிலும் உளவியல் கேட்கும் இடங்களும் உண்டு. நம் பெரியார் பல்கலைக்கழகத்திலேயே உளவியல் துறை இருக்கிறது. கருப்பூர் வரை ஒரு நடை போய் நேரிலேயே கேட்டுவிடுங்கள். ஆனால் கணக்குப் பார்க்கிறவர் நீங்கள், இதையும் கணக்காகப் பாருங்கள். கடைசிப் படியில் இருந்து கீழே எண்ணி வாருங்கள். மருத்துவ உளவியலாளர் ஆவதுதான் குறி என்றால், அந்தக் கடைசிப் படிப்புக்கு என்ன தகுதி கேட்கிறார்கள், எத்தனை மதிப்பெண், நுழைவுத் தேர்வு உண்டா என்பதை முதலில் எழுதிவைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் முதுகலையைத் தேடுங்கள். கீழிருந்து ஏறிப்போய் மேலே கதவு பூட்டியிருந்ததைப் பார்த்தவர்கள் என் மாணவர்களிலேயே இருவர் இருக்கிறார்கள். பெங்களூரு நிமான்ஸ் இந்தத் துறையில் நாட்டின் பெரிய இடம், நமக்குச் சென்னையைவிடப் பக்கமும்கூட. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. அங்கேயும் பல நிலைகளில் படிப்புகள் உண்டு. எப்படிப் பார்த்தாலும் இன்றில் இருந்து நாலைந்து வருஷம், முழு நேரம், கையில் வருமானம் இல்லாமல். அப்பாவின் எஸ்டேட் கூலியில் அதை எப்படித் தாங்குவது என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு இறங்குங்கள்.

என்னைக் கேட்டால், உங்களுக்கு வேறு ஒரு வழி தோன்றுகிறது. சிறப்புக் கல்வியில் பி.எட்., இரண்டு வருஷம். பட்டம் படித்தவர்கள் சேரலாம், ஆர்.சி.ஐ. பதிவும் கிடைக்கும். அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, செவித்திறன் என்று பிரிவுகள் உண்டு. பிறகு வேண்டுமானால் உளவியலுக்குப் போகலாம். ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதத்தில் அந்தப் பையனின் கையில் என்ன இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நோயின் பேரை எழுதுகிறவர்கள் நிறையப் பேர், கையில் இருந்த காப்பிக் கொட்டையை எழுதுகிறவர் குறைவு. அது டீச்சருக்கு உரிய கண். மலைக்கு மேலே சோதித்துச் சான்றிதழ் தருகிறவரைவிட, சான்றிதழ் கிடைத்த பிறகு பிள்ளையோடு தினமும் உட்காருகிறவர்தான் அதிகம் தேவை. என்னிடம் வரும் மலைப் பிள்ளைகள் பாதி நாள் வராமல் போவது பஸ்ஸுக்குப் பயந்துதான். ஒரு எச்சரிக்கை: அரசு ஆசிரியர் வேலை மனசில் இருந்தால், பி.காம். பட்டம் எந்தப் பாடத்துக்குக் கணக்கில் வரும் என்பதைச் சேருவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் யாராவது பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு படித்துக்கொண்டிருந்தால் பேச்சு, செவித்திறன் பயிற்சிப் படிப்பைப் பற்றிச் சொல்லுங்கள். நாலு வருஷம், கடைசி வருஷம் பயிற்சி. அந்தப் படிப்பு படித்தவர்களுக்கு எங்கள் பக்கம் எப்போதும் பஞ்சம்.

எதில் சேருவதற்கு முன்னும், இந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளை வீட்டுக்கே போய்ப் பார்ப்பார்கள். ஒரு நாள் கூட வரலாமா என்று கேளுங்கள். எச்சில் வழிகிற, கடித்துவிடுகிற, ஆறு மாதம் கழித்து ஒரு பித்தானைப் போடக் கற்றுக்கொள்கிற பிள்ளையோடு ஒரு முழு நாள் இருந்துவிட்டு, மறுநாளும் போகத் தோன்றுகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, இந்த வாரம் செய்ய வேண்டியது. அந்த அம்மா வீட்டுக்குத் தனியாகப் போங்கள். திண்ணைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அக்கா, எனக்கு அவ்வளவு தெரியாது" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. டீ கொடுத்தால் குடியுங்கள். பெரியவளை அனுப்புங்கள் என்று மட்டும் கேளுங்கள், பையனைப் பற்றிய பேச்சை அவரே எடுக்கட்டும். எடுக்காவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு டீ. அதற்குள் அங்கன்வாடி அக்காவிடம், பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழு அடுத்து எப்போது வரும் என்று கேட்டு வையுங்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை அவர்கள் அங்கன்வாடிக்கு வர வேண்டும். அவர்கள் எழுதிக்கொடுக்கும் சீட்டோடு போனால், அரசு மருத்துவமனையோடு சேர்ந்த மாவட்ட இடையீட்டு மையத்தில் காது, பேச்சு, வளர்ச்சி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காசில்லாமல் பார்ப்பார்கள். எல்லாப் பிள்ளைகளையும் பார்க்கிற குழு என்பதால், தன் பிள்ளையை மட்டும் தனியாகச் சுட்டிவிட்டார்கள் என்றும் அந்த அம்மாவுக்குத் தோன்றாது.

அவர் சம்மதித்துச் சேலம் இறங்குவதாக இருந்தால் நீங்களும் கூடப் போங்கள். முதல் நாள் சாயங்காலமே இறங்கிவிடுங்கள், தங்க இடம் இல்லாவிட்டால் இரண்டாவது பஸ்ஸில் வாருங்கள். ஒரு பாலிதீன் கவர், மாற்றுச் சட்டை, எலுமிச்சம்பழம் ஒன்று. காது பரிசோதனைக்குப் பையன் தூங்க வேண்டியிருக்கும், அதனால் பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள். அடுக்கி விளையாட ஒரு கைப்பிடி காப்பிக் கொட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.